யார் கேட்டு வருவார்கள்

முகுந்தன் பொதுப்பணி இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வரைபடக்காரராக இருந்தவர். மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில் பல சாலை வளைவுகள் அவர் பென்சிலில் பிறந்தவை. சொந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு கோடு போடும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. இருபதடிக்குப் பதினெட்டடி, முழுக்க சிமெண்ட். மனைவி பவுனம்மாளின் தீர்ப்பு அது. செடி என்றால் சருகு, சருகு என்றால் கூட்டுவது, கூட்டுவது யார் என்பது தெரிந்ததுதானே. அந்த அம்மாளுக்கு ஒரு செடியும் கிடையாது. செடிகளைப் பற்றிய சட்டதிட்டங்கள் மட்டும் அத்தனையும் மனப்பாடம்.

பவுனம்மாள் காலமானபோது சிமெண்ட் தரை கூடாரம் போட வசதியாக இருந்தது. நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆடாமல் நின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாற்காலிகள் லோரியில் ஏறிய பிறகு, வாசலில் முகுந்தனின் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. அப்புறம் இரண்டு வருஷமும் அதே ஜோடிதான்.

மகள் மலர்விழி பெர்த்திலிருந்து படங்கள் அனுப்பினாள். வெள்ளைக் கூழாங்கல், நாலு குட்டைப் பனை, ஓரமாகப் புல், நடுவில் கல்பாதை. வேலையே இருக்காது, தண்ணீர்கூட வாரத்துக்கு ஒரு முறை போதும் என்றாள். நாள் முழுக்க வேலையில்லாத மனிதருக்கு வேலையே வைக்காத தோட்டம். அன்பாகத்தான் சொன்னாள், அதனால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

அவர் ஆள் வைத்து சிமெண்டைப் பாதிக்குமேல் உடைத்தார். கட்டத்தாளில் வாசலை அளவோடு வரைந்து, பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டார். காலை வெயில், மாலை வெயில், வளரும் உயரம் என்று மூன்று பத்தி. நாலாவது பத்தியின் தலைப்பு: யார் கேட்டு வருவார்கள். வேம்புக்கு, அம்மை போட்ட வீட்டார். எலுமிச்சைக்கு, புதுக் கார் எடுத்தவர்கள். வாசனை இலை பாண்டானுக்கு, நெய்ச்சோறு ஆக்கும் நாளில் எதிர்வீட்டு ஹபீபா. கறிவேப்பிலைக்கு, எல்லாரும். செம்பருத்தியை எழுதிவிட்டு அடித்தார். அது அவரைத் தவிர தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்தது.

ஜெஞ்சாரோம் சாலையில் செடிப்பண்ணை வைத்திருக்கும் ராஜன் பட்டியலை இரண்டு தரம் படித்தார். வேம்பைத் தரையில் வைத்தால் வேர் சாக்கடையை உடைக்கும், தொட்டியில் வைத்து வெட்டிவிட்டுக்கொண்டே இருங்கள் என்றார். கறிவேப்பிலைக்கு கேட்டோரம்தான் நல்ல வெயில் என்றார். பிறகு பொறுக்கவில்லை.

"எல்லாம் அடுப்படி சாமானாவே இருக்கே அங்கிள். பார்க்க அழகா ஒண்ணும் வேணாமா?"

"அழகை ரோட்டுலயே நின்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க, ராஜன்."

கறிவேப்பிலையை ஹால் ஜன்னலுக்குக் கீழே நட்டார். வெயில் அங்கே அரைவாசிதான். ஆனால் கேட்டோரம் வைத்தால் வெளியில் நின்றே கையை நீட்டிப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களே.

ஒன்றரை வருஷத்தில் செடி மார்பளவு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு கேட்டில் லோகேஸ்வரி நின்றாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள். பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ். அதன் அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"அங்கிள், கருவேப்பிலை கொஞ்சம் கிடைக்குமா? ரசம் வெச்சிட்டேன், தாளிக்கப் போனா வீட்டுல இல்ல."

இந்த வாக்கியத்துக்காகத்தான் சிமெண்டை உடைத்தார். எழுந்த வேகத்தில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார். சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தபோது பேசியது பவுனம்மாள்.

"விளக்கு வெச்சாச்சேம்மா. இப்போ செடியில கை வைக்கக் கூடாது. காலையில வாயேன்."

"ஓ… பரவால்ல லா அங்கிள். சும்மா கேட்டேன்."

காலையில் அவள் வரவில்லை. ஆறரைக்கே காரை எடுத்துவிடுகிறாள், அப்போது விடிந்திருக்காது. இருட்டில் பறிப்பதும் ஆகாது. திரும்பும்போது விளக்கு வைத்தாயிற்று. ஆக, வேலைக்குப் போகிறவளுக்குப் பவுனம்மாளின் சட்டத்தில் கறிவேப்பிலை கேட்கவே நேரம் இல்லை. வெயிலை அங்குலக் கணக்கில் அளந்த வரைபடக்காரர் பொழுதை அளக்க மறந்திருந்தார்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்குமுன் நாலு இணுக்கு பறித்து, செய்தித்தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் தயாராக வைத்தார். யாரும் வரவில்லை. மறுநாள் அது அவருடைய ரசத்துக்கே போனது. பத்து நாளில், இலைகளை ஒதுக்கிவிட்டு ரசத்தைத் தேட வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் பொட்டலத்தை லோகேஸ்வரி வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். இரவு போனில் நன்றி வந்தது, கூப்பிய கைப்படத்தோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் தன் பிழை அவருக்குத் தெரிந்தது. செய்தித்தாளை யார் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

மறுநாள் அலமாரியைத் திறந்து எவர்சில்வர் டப்பாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். சிறியது மறந்துபோகும். பெரியது மிரட்டும். நடுத்தரமானதை எடுத்தார், மூடியில் பவுனம்மாள் பெயர் வெட்டியிருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதும் அந்த அம்மாளின் சட்டத்தில் உண்டு. ஆள் நின்று, இரண்டு வார்த்தை பேசித்தான் திருப்ப வேண்டும். கறிவேப்பிலையைப் போட்டு மூடி, ஒரு பையில் வைத்து லோகேஸ்வரி வீட்டு கேட்டில் மாட்டினார்.

இன்றோடு நாலு நாள். முகுந்தன் விளக்கு வைத்தார். கேட்டைப் பூட்டாமல் வந்து உட்கார்ந்தார். மலர்விழி போனில் தோட்டத்தைக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, யாராவது வந்து போகிறார்களா என்று கேட்டாள்.

"டப்பா போயிருக்கும்மா" என்றார். "வருவாங்க."