கம்ப்யூட்டருக்குத் தைத்த பனியன்

எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் பத்துக் கம்ப்யூட்டர்கள் வந்திறங்கிய அன்று, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வேடிக்கை பார்த்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். என் மகள் அப்போது அங்கே ஏழாவது படித்தாள். அந்த வருடம் என்னைப் பெற்றோர் குழுவில் போட்டிருந்தார்கள். எனக்கு வாய் அதிகம் என்பதால்தான் போட்டார்கள் என்பார் என் வீட்டுக்காரர். அது உண்மைதான்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இணையம் என்றால் அப்பாவின் போன்தான். அந்தப் போன் காலையில் அப்பாவோடு கம்பெனிக்குப் போய், கேட்டில் வாட்ச்மேனின் பெட்டிக்குள் படுத்துவிடும். வழியெல்லாம் படம் பார்த்தபடி அப்பா ராத்திரி வீடு திரும்பும்போது அதில் சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது. அதனால் பத்துக் கம்ப்யூட்டர் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பள்ளிச் சுவரை ஒட்டி, துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி முதலாளி தன் இணைப்பிலிருந்தே ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

ஆனால் ஒயர் வந்த வழியாகவே பஞ்சும் வந்தது. துணி ஓடுகிற இடத்தில் பஞ்சு பறக்காமல் இருக்குமா? ஜன்னலைச் சாத்தினாலும் நுழைந்துவிடும். ஒரே வாரத்தில் கீபோர்டுக்கெல்லாம் நரை விழுந்தது.

"ஏனுங்க அம்மிணி, எதாச்சும் துணி போட்டு மூடி வெக்கோணுமுங்க" என்றார் தலைமையாசிரியை.

துணி என்று சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? கட்டிங்கில் மிஞ்சிய துணியை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். ஐந்து ஆரஞ்சு, ஐந்து நீலம். திரைக்கு, பனியனுக்கு வைப்பதுபோல ரிப் பட்டி வைத்துக் கழுத்து தைத்தேன். கீழே இருக்கும் பெட்டிக்கு அடியில் எலாஸ்டிக் கொடுத்து, முன்னால் பட்டனுக்கும் ஒயர் சொருகுவதற்கும் மட்டும் ஒரு வாசல் விட்டேன். சுருக்கம் கிடையாது, தொய்வு கிடையாது. கழற்றவே வேண்டாம், போட்டபடியே வேலை செய்யலாம். அதுதான் என் பெருமை. "கம்ப்யூட்டர் பனியன் போட்டிருக்குதுடா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து ரசித்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், வகுப்பு நடக்கும்போதே ஒரு கம்ப்யூட்டர் கருகிய வாடையோடு அணைந்துபோனது. அப்போது அதன் முன்னால் இருந்தவள் எட்டாம் வகுப்புப் பெண். பீகார்க் குடும்பம். அவள் அப்பா நிட்டிங்கில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் என்பதால், பகலில் போன் வீட்டில் கிடக்கும். அன்றைக்கு அவள் அதைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் கேபிள் சொருகி சார்ஜ் போட்டிருக்கிறாள். பழி போட எங்களுக்கு அது போதாதா?

பெற்றோர் கூட்டத்துக்கு அவளையும் அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்து விரலை நீட்டினேன்.

"இந்தப் பிள்ளதாங்க போனச் சொருகி மிஷினப் பொசுக்கிருச்சு. கண்டவுகளையும் உள்ள விட்டா இப்படித்தான் ஆகும்."

கண்டவர்களாம். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தவள் பேசுகிற பேச்சா இது? இப்போது எழுதும்போதும் கூசுகிறது. மெக்கானிக் வந்து பார்க்கிற வரைக்கும் அந்தப் பெண் கம்ப்யூட்டர் அறைக்கு வர வேண்டாம் என்று தலைமையாசிரியை முடித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை. நாலாவது நாள் என் மகள் செய்தி கொண்டுவந்தாள்: "அம்மா, அந்தக்காவ ஊருக்கே அனுப்பப் போறாங்களாம். படிச்சது போதும்னு அவங்கப்பா சொல்லிட்டாராம்." பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், தப்புச் செய்தால் அனுபவிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

மெக்கானிக் சனிக்கிழமை வந்தார். தலைமையாசிரியைக்கு அன்று வெளியே ஏதோ பயிற்சி. சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். மெக்கானிக் என் உறையைத் தோல் உரிப்பதுபோல உரித்தெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இத மாட்டிட்டேவா ஓட்டுனீங்க? பொறகால இத்தன ஓட்டை எதுக்குங்க? சூடு வெளிய போறதுக்குத்தானுங்க. தூசி வராமப் பண்ணுனது செரி, காத்தே போகாமப் பண்ணிப்புட்டீங்களே."

"போன் சொருகுனதுனால இல்லையா தம்பி?"

"அதுனால ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் ஏதோ ஒரு பாகத்தை மாற்றி ஓட வைத்துவிட்டுப் போனார். பத்து உறைகளையும் கழற்றிக் கட்டைப்பைக்குள் திணித்தேன். பிறகு பின்பக்கம் திறந்தபடி வேறு தைத்தேன். எல்லாம் அணைத்து ஆறிய பிறகுதான் இப்போது போடுகிறார்கள், பத்தும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் மெக்கானிக் அதைச் சொன்னபோது அந்த அறையில் இருந்தது நான் மட்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் இல்லை, வெகு நேரம் யோசித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாயந்திரம் அவர்கள் லைன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் அந்தப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பெட்டி கட்டியாயிற்று. அவள் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி என்றால் கம்பெனியில் கேட்டுக் கேட்டுப் பழகிய நாலு வார்த்தைதான், அதில் மூன்று திட்டு. ஆகவே அந்தப் பெண்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். உறை, சூடு, ஓட்டை என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். அவள் தன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமே திரும்பிக் கேட்டாள்.

"இத இங்க சொன்னா ஆச்சுங்களா ஆன்ட்டி? அன்னிக்கு எல்லார்த்து முன்னாடியும்தானுங்க சொன்னீங்க. நீங்க பேசுனது எங்கம்மாக்குப் புரியலீங்க. உங்க வெரல் புரிஞ்சுதுங்க."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் நான் பதிலுக்கு ரெண்டு போட்டிருப்பேன்.

"திங்கக்கிழமை கூட்டம் போடச் சொல்றேன். அம்மாவக் கூட்டிட்டு வந்துரு தாயி" என்றேன்.

தலைமையாசிரியையைப் பிடித்து நச்சரித்துக் கூட்டம் போட வைத்தேன். அவளும் அம்மாவும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுந்து, ஓர் ஆரஞ்சு உறையைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சில பேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்றிருந்தது. அந்தப் பெண் தன் அம்மாவின் காதில் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு நேரம் வேண்டுமே என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினேன்.

கடைசியாக, "இந்தப் பிள்ள மேல தப்பு இல்லைங்க. தப்பு என்னுது" என்றேன்.

தப்புக்கு இந்தியில் கல்தி என்பார்கள். அது எனக்குத் தெரிந்த நாலாவது வார்த்தை. மற்றதையெல்லாம் அவள் அம்மாவுக்கு ஒரு தடவைதான் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.