தம்பியை விற்கப் போன மாரி

தம்பியை விற்கப் போகிறோம் என்று அம்மா சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. எனக்கு அதில் பெரிய மறுப்பு ஒன்றும் இருக்கவில்லை. பிறந்து மூன்று மாதமாகியும் அவன் அழுவதைத் தவிர வேறொன்றும் பழகியிருக்கவில்லை. அம்மாவின் மடியில் எனக்கிருந்த இடமும் அவனோடு போய்விட்டிருந்தது.

விற்பது என்றால் உண்மையில் விற்பதல்ல. பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீடுகளில் வைக்கிற நேர்த்தி அது. பிள்ளையைக் கோயிலில் கிடத்தித் தெய்வத்துக்கு விற்றுவிடுவார்கள். பிறகு தாய்மாமன் காணிக்கை போட்டுத் திருப்பி வாங்குவார். அதன்பின் அது தெய்வத்தின் பிள்ளை; அந்த வீட்டைப் பிடித்த பீடை அதைத் தொடாது. எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று சண்டைக்குப் பிறகு அகதி முகாமில் இருந்தபோது, மற்றது கனகராயன்குளத்துக்குத் திரும்பி வந்த பிறகு. தம்பிக்கும் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், அழுதால் உதடு நீலமாகும். இருதயத்தில் குறை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் கொழும்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் சத்திரசிகிச்சைக்கு ஒரு திகதி கிடைத்திருந்தது.

முகாமில் எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர் முல்லைத்தீவில் கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பெண். அவரை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். தங்கள் ஊர் மாதா கோயிலில் விற்ற பிள்ளை ஒன்றும் வீண்போனதில்லை என்று அவர்தான் அம்மாவுக்குச் சொன்னவர். நாங்கள் சைவக்காரர். பிள்ளை விஷயத்தில் அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. கோயில் திருவிழா வைகாசியில்தான் வரும். வைகாசி வரை பொறுக்க அம்மாவுக்குப் பயம். கார்த்திகை மாதத்து மாரி மழைக்குள் வெளிக்கிட்டோம். வெள்ளம் வரம்பை உடைத்துவிடும் என்று அப்பா வயலோடு நின்றுவிட்டார்.

எனக்கோ கடல் பார்க்கப் போகிற சந்தோஷம், புளுகம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்வந்த பிள்ளைகள் ஐஸ்கிறீம் வான், பட்டம், காலை நனைக்கிற அலை என்று ஒரு மாதமாக அளந்திருந்தார்கள். மாங்குளத்தில் பஸ் மாறினோம். யன்னல் இடுக்கால் தூவானம் அடித்தது. அம்மா துவாயால் தம்பியை மூடி, நெடுக அவன் மூக்கடியில் ஒரு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சனம் இல்லை. படகுகளைத் தெருவோரம்வரை இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தேநீர்க் கடைகளின் தட்டிகள் கட்டியபடி கிடந்தன. கடல் சேற்று நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. பஸ்ஸடியில் காத்து நின்று எங்களைக் கூட்டிவந்த பெரியம்மா, கிட்டப் போகவேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்கு அழுகை முட்டியது. எல்லாம் தம்பியால் வந்தது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கோயிலும் பூட்டிக் கிடந்தது. பெரியம்மா மழைக்குள் போய்த் திறப்பு வாங்கிவந்து திறந்தார். உள்ளே ஈரமணம். மெழுகுதிரி நாலுதரம் அணைந்து ஐந்தாம்தரம்தான் பற்றியது. மாதாவின் காலடியில் துவாயை விரித்துத் தம்பியைக் கிடத்தி, "இனி இவன் உங்கட பிள்ளை தாயே" என்று அம்மா சொன்னார்.

வாங்குவதற்குத்தான் ஆளில்லை. அம்மாவின் ஒரே தம்பி சண்டையோடு போய்விட்டவர். பெற்றவள் தானே வாங்கவும் கூடாது. பெரியம்மா யோசித்துவிட்டு என் கையில் ஒரு காசைத் திணித்தார்.

"அக்காக்காரி வாங்கட்டும். பிள்ளை, இதை உண்டியலுக்குள்ள போட்டிட்டு, 'என்ர தம்பியைத் தாங்கோ' எண்டு கேட்டுத் தூக்கு."

தம்பி வீரிட்டு அழத் தொடங்கினான். எனக்குக் குளிர், பசி, கடல்மேல் கோபம்.

"வேண்டாம் அம்மா," என்றேன். "விட்டிட்டுப் போவம். இவன் எப்பவும் அழுதுகொண்டுதான் இருப்பான்."

கன்னத்தில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா தூணோடு சாய்ந்து அப்படியே நின்றார். பெரியம்மாதான் என் கையிலிருந்த காசை எடுத்து உண்டியலில் போட்டு, தம்பியைத் தூக்கித் தோளில் போட்டார்.

"அப்ப இவன் என்ர பிள்ளை. உங்களிட்ட வளர்க்கத் தாறன், கவனமாப் பாருங்கோ," என்று சொல்லி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா உடனே கை நீட்டவில்லை. இரண்டாம்முறை சொன்ன பிறகுதான் வாங்கினார்.

கொழும்புத் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தம்பி போய்விட்டான். பெரியம்மா முதல் பஸ்ஸில் வந்திறங்கி, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று தலைமாட்டில் இருந்து அழுதார். என் வாய்தான் அவனைத் தின்றது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அதை அம்மா இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் ஏசுவார், பானையை உடைத்தால் ஏசுவார். அதை மட்டும் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் என் மகள் பிறந்த முப்பத்தோராம் நாள். பிள்ளையைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அன்றைக்குக் கோயிலில் நான் சொன்னதுக்கு ஏன் ஒருநாளும் ஏசவில்லை என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"உனக்கு முதலே எனக்கு அது மனசில வந்திட்டுது பிள்ளை. இன்னொண்டு என்ர மடியில கிடந்து போறதை என்னால பாக்க ஏலாது. அவனை அங்கேயே விட்டிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடுவமோ எண்டுதான் நிண்டனான். நீ சொல்லிப்போட்டாய்."

அன்று திரும்பிவந்த பஸ்ஸில் அம்மா ஒரு கையால் தம்பியை அணைத்து, மற்றக் கையால் என் மணிக்கட்டை மாங்குளம் வரைக்கும் விடாமல் பிடித்திருந்தார். விரல் பதிந்து சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்து, நோகிறது என்று சொல்லவும் பயந்துகொண்டு வந்தேன்.