ஆகாதவன் கையில் கயிறு

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்னதொரை, வந்த வேகத்தில் ஹட்டனிலிருந்து ஒரு கட்டு கயிறு வாங்கி வந்தார். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சவுக்கு மரங்களில் பட்டுப்போனவற்றை ஏறி, துண்டு துண்டாகக் கழித்து இறக்குவது எங்கள் வேலை. அதுவரை இடுப்பில் கத்தி, வாயில் வெற்றிலை, அவ்வளவுதான். இனிமேல் கயிறு இல்லாமல் எவனும் ஏறக்கூடாது என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் உத்தரவு போட்டுவிட்டார்.

முறை லேசானது. கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து மேலே ஒரு கிளைக் கவைக்குள் விட வேண்டும். ஒரு நுனி ஏறுகிறவன் இடுப்பில், மறு நுனி கீழே நிற்பவன் கையில். அவன் ஏற ஏறக் கீழே இருப்பவன் தொய்வை இழுத்துக்கொண்டே இருந்தால், கால் வழுக்கினாலும் ஆள் அந்தரத்தில் நிற்பான். இதில் தகராறுக்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. கயிறு கட்டினால் காலுக்குச் சோம்பல் வந்துவிடும் என்றது ஒரு கட்சி. மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றது இன்னொரு கட்சி. மரமே சாய்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, அப்போது தனியாகவா சாகிறோம் என்றார்கள். கயிறு பிடிப்பவன் வெற்றிலை போடலாமா என்பதில் ஒரு காலை நேரமே போனது. சுண்ணாம்பு தடவ இரண்டு கையும் வேண்டுமாம்.

எங்களில் கெட்டிக்காரன், ஏறினால் உச்சியைப் பார்க்காமல் இறங்காதவன், இதிலெல்லாம் வாயே திறக்கவில்லை. அவனுக்குச் சொந்த மச்சான்தான் கயிறு பிடித்தான். ஒருநாள் அவன் கீழே இறங்கிப் பார்த்தால், கயிற்றின் நுனி ஒரு தேயிலைச் செடியில் கட்டியிருந்தது. மச்சான் பக்கத்து வடிகால் கானுக்குள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பெரட்டில் அந்தக் கெட்டிக்காரன் கங்காணியிடம் என்னைக் கை காட்டினான்.

"எனக்கு ஆகாதவன்தாங்க கயிறு புடிக்கணும். நான் விழுந்தா மொத்த லயமும் அவனைத்தான் சந்தேகப்படும். அந்தப் பயத்துல கண்ணை எடுக்க மாட்டான்."

எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலைந்து வருடம் இருக்கும். காமன் கூத்தில் அவன் ரதி வேசம் கட்டி ஆடியபோது, ரதி நடக்கிறாளா சவுக்கு மரம் ஏறுகிறாளா என்று கூட்டத்தில் சத்தமாகக் கேட்டுவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், நடை அப்படி.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவன் சொன்னது அப்படியே பலித்தது. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வேண்டுமென்றே அந்தப் பக்கமாக இரண்டு தரம் நடந்தார். நான் கழுத்து ஒடிய அண்ணாந்து, தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். என் தம்பியைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஆகாதவன் வேண்டியிருந்தது. கங்காணி பெரட்டில் யாருக்கும் யாருக்கும் பகை என்று விசாரித்து ஆள் பிரித்தார். சனிக்கிழமை கள்ளு குடித்துச் சமாதானமாகிப்போன ஒரு சோடி, திங்கட்கிழமை ஏற முடியாமல் நின்று வசவு வாங்கியது. பரம சாது ஒருவர் இருந்தார், அவருக்குப் பகை என்று ஒருவருமே கிடையாது. மனிதர் என்ன செய்வார், பக்கத்து லயத்து வரிசையில் ஒரு வீட்டுக் காய்கறிப் பாத்தியில் பட்டப்பகலில் ஒரு பூசணிக்காயைப் பறித்துக்கொண்டு போனார். அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டு, இது பிஞ்சு, நல்லதாகப் பார்த்து எடுத்துப் போங்கள் என்று இன்னொன்றையும் கொடுத்து அனுப்பினார். அழாக்குறையாக வந்து கங்காணி முன்னால் இரண்டு காயோடு நின்றார். அவருக்கு மருந்து அடிக்கும் வேலை கொடுத்தார்கள்.

அந்த வருட மழையில், நான் ஹட்டனுக்குப் போயிருந்த நேரம், என் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டுவிட்டது. எனக்கு ஆகாத அவன்தான் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். பிள்ளை கண் திறக்கும்வரை வெளித்திண்டில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தானாம். போகும்போது என் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"தங்கச்சி, இதை அவன்கிட்ட சொல்லிறாதீங்க. இன்னும் அந்த மேட்டு மரம் ஏற வேண்டியிருக்கு."

அவள் நான் வாசலில் குடையை மடக்குவதற்குள் சொல்லிவிட்டாள்.

மேட்டு மரம் எங்கள் லயத்துக்கு மேலே, பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. மறுநாள் அவன் அதில் ஏறினான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தேன். அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க, அந்தத் தோளில்தானே பிள்ளை கிடந்தது என்று மனசு எங்கேயோ போயிற்று. அவன் மேல் இத்தனை பிரியம் எனக்குள் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. பாசி பிடித்த பட்டையில் அவன் கால் வழுக்கியபோது என் கையில் கயிறு ஒரு ஆள் நீளத்துக்குத் தொய்ந்து கிடந்தது.

அவன் சரிந்து, மரத்தில் முகம் உரசி, கயிறு வெட்டி இழுத்தபிறகே நின்றான். என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. அந்தரத்தில் தொங்கியபடியே குனிந்து என்னைப் பார்த்தான். மூக்கில் ரத்தம் சொட்டியது.

"ஏன்டா, கோவம் போயிருச்சா ஒனக்கு?"

அவன் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"போகல. ஒன்னை ரதியாக்குனதே இந்தத் தோட்டத்துக்குக் கேவலம்டா."

அவன் காலால் மரத்தைத் தேடிப் பிடித்தான்.

"அப்ப இழுத்துப் புடி."

பிடித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் கயிறு சரியாகத் தெரியவில்லை, கையால்தான் தொய்வைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் மரம் ஏறுவதை விடுகிற வரை, அதற்கப்புறம் அவனோடு நான் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.