ஊதா ஏறாத குழாய்கள்

என் தம்பிக்குத் திங்கட்கிழமை நந்தனத்தில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவன் ரத்தத்தைச் சோதித்தவள் நான். மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கொஞ்ச தூரம் ஓடினாலே அவனுக்குத் தொடை கட்டையாக இறுகிவிடும். வீட்டில் சோம்பேறி என்றார்கள். மறுநாள் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போவதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

டாக்டர் அவன் மேல்கையில் பட்டையை இறுக்கி, ஒரு நிமிடம் ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார். பிசையும் முன் ஒரு குழாய், பின் மூன்று குழாய் ரத்தம் எடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்பதால் நானும் பிசைந்தேன். உழைத்த தசையிலிருந்து லாக்டிக் அமிலம் வந்திருந்தால் சோதனையில் ஊதா நிறம் ஏறும். என் குழாய்களில் ஏறியது. அவனுடைய நான்கும் ஒரே வெளிறலாக இருந்தன. மறுபடி செய்தேன், அப்படியே இருந்தன.

தசைக்கு வேண்டிய ஒரு நொதி பிறவியிலேயே இல்லை, மீறி ஓடினால் தசை சிதைந்து சிறுநீரில் இறங்கும், அந்த நிறம் அதுதான் என்றார் டாக்டர். பெற்றோர் சொந்தமா என்று கேட்டார். அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். அதையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன்.

"ஒரு மைல்தானேக்கா? பல்லைக் கடிச்சினு ஓடிடறேன்."

"ஓடினா கிட்னி போயிடும்டா."

"பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டே நீ. உனக்குப் போய் ஊதா வந்துதா?" என்று சிரித்தான்.

திங்கட்கிழமை அவனோடு மைதானத்துக்குப் போனேன். அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். கயிற்றுக்கு வெளியே, என் பக்கத்திலேயே நின்றான்.