ஐம்பத்தெட்டு வீட்டுச் சாவி

இருபத்திரண்டு மாடிக் கட்டடம் அது. மொத்தம் தொண்ணூற்றாறு வீடுகள். பொழுது சாய்ந்ததும் எதிர்ப் பக்கம் நின்று எண்ணினால் முப்பத்தெட்டு வீடுகளில்தான் விளக்கு எரியும். மற்ற ஐம்பத்தெட்டையும் வாங்கிப் போட்டவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தார்கள். அவர்களில் பலர் அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. அத்தனை வீட்டுச் சாவிகளும் ஒரே பெண்மணியிடம் இருந்ததால் அவருக்குச் சாவியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆளில்லாத வீட்டில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று பலரும் நினைப்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு சும்மா இருக்காது. குழாயைத் திறந்துவிடாவிட்டால் கழிவுக்குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே ஏறிவிடும். அலமாரிக்குள் பூஞ்சை படரும். சாவியக்கா வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டையும் திறந்து, குழாய்களை ஓடவிட்டு, ஜன்னல்களைக் கால்மணி நேரம் திறந்து வைத்து, போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்புவார். அவர்கள் பேசும் மொழி எதுவும் அவருக்குத் தெரியாது. போன்தான் மொழிபெயர்த்துக் கொடுக்கும். ஒருமுறை, "வீட்டுக்குக் காற்றுக் காட்டினேன்" என்று அவர் எழுதியது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, பதினேழாம் மாடி வீட்டை வாங்கியிருந்த பல் டாக்டர், "காற்றுக்கு என் வீடு பிடித்ததா?" என்று கேட்டிருந்தார். "பிடித்ததாம். வாடகைதான் கட்டுப்படியாகாதாம்" என்று சாவியக்கா பதில் போட்டார். அதிலிருந்து டாக்டர் மாதம் தவறாமல் காற்றை நலம் விசாரிப்பார்.

சாவியக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. பதினொரு வருஷ வாடகை வீடு. இரண்டே அறை. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். வீடு மாறவில்லையே தவிர, தெரு மாறிக்கொண்டே இருந்தது. கடைப் பலகைகளில் அவர்களால் படிக்க முடியாத எழுத்துகள் வந்தன. மளிகைக் கடை இருந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை திறந்தார்கள்.

"எனக்கு முடி வெட்டுறதைவிட நாய்க்குக் கூலி ஜாஸ்தியாம்" என்றார் கணவர்.

"நாய்க்கு வெட்டறதுக்கு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?" என்றார் சாவியக்கா.

அந்த வருஷம்தான் கடிதம் வந்தது. அவர்கள் குடியிருந்த பழைய கட்டடத்தை ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. இடித்துக் கட்டப்போகிறார்கள். ஆறு மாதத்தில் எல்லோரும் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் நேரிலேயே வந்து, முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கம்பக்கத்தில் வீடு தேடினார்கள். இரண்டு பேர் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும் போலிருந்தது. கட்டுப்படியாகிற வீடு நகரத்தின் விளிம்பில், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா முதல் மாதமே அங்கே குடிபோனார். போகும்போது, "நீயும் அங்கேயே வந்துடு. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். சாவியக்காவுக்கு முழங்கால் வலி வேறு.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, ஐம்பத்தெட்டு வீடு உன் கையில காலியா இருக்கு. நாம ஒரு மாசம் ஒண்ணுல தங்கினா யாருக்கும்மா தெரியப்போகுது?"

"என் கையில சாவிதான் இருக்கு. வீடு இல்ல" என்றார் அவர். ஆனால் மறுநாள் பதினேழாம் மாடி ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். துடைத்து வைத்த அடுப்பு. யாரும் படுக்காத கட்டில். அவருக்கே தன்மேல் கூச்சமாகிவிட்டது. பூட்டிக்கொண்டு இறங்கினார்.

அதே மாதம் தீயணைப்புத் துறையிலிருந்து வருடாந்திரச் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். கட்டட வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தவர், "கீழ்த்தளத்துல பராமரிப்பாளர் குடியிருப்புன்னு போட்டிருக்கே. யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆள் யாரும் இல்ல சார். விளம்பரப் பலகைதான் இருக்கு" என்றார் சாவியக்கா.

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு குளியலறை. வீடுகளை விற்ற காலத்தில் கட்டட நிறுவனம் வைத்திருந்த பெரிய அட்டைப் பலகைகளை அதில் போட்டு அடைத்திருந்தார்கள். பலகை முழுக்கச் சிரிக்கும் அப்பா, அம்மா, குழந்தைகள். விஷயத்தைக் கேட்ட கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட்டைக் குடும்பம் ஏழு வருஷமா வாடகை இல்லாம இருக்கு. நமக்குத்தான் இடம் இல்ல."

அடுத்த நாள் காலையிலேயே வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தார் சாவியக்கா. ஒன்பதாம் மாடியில் இருந்த அவர் ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. கெட்டவர் இல்லை, ரூல் பார்ப்பவர்.

"உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. அந்த இடத்துல, வர்ற பார்சலை வாங்கி வைக்க ஒரு பார்சல் அறை வைக்கலாம்னு இங்க இருக்கிறவங்க எல்லாரும் கேக்கறாங்க. அதுவும் இல்லாம, இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்குத் தோட்டக்காரரும் கேப்பார்."

"கேக்கட்டும் சார். அவருக்கும் வீடு வேணும்தானே?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து உரிமையாளர் கையெழுத்துப் போட்டா கூட்டத்துல வைக்கறேன். வீட்டுக்கு ஒரு ஓட்டு. வெளியூர்ல இருக்கிறவங்களும் கடிதம் அனுப்பி ஓட்டுப் போடலாம். இதுவரைக்கும் ஒருத்தரும் போட்டதில்ல."

அன்று மாலையே மகளும் அம்மாவும் உட்கார்ந்து எழுதினார்கள். அழுகை, கெஞ்சல் எதுவும் வேண்டாம் என்று சாவியக்கா சொல்லிவிட்டார். நான் இன்னார், உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நான் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், வரைபடத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது, சம்மதமா. அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு பேருக்கும் அனுப்பினார்கள். முதல் மூன்று நாள் ஒரு பதிலும் இல்லை. நான்காம் நாள் பல் டாக்டர் எழுதினார். "உங்களுக்கு வீடு இருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை." அதற்குக் கீழே கையெழுத்து. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. குழாய் ஒழுகிய அன்று சாவியக்கா நாற்காலி போட்டு ஏறி நின்று வாளி பிடித்ததை ஒருவர் நினைவு வைத்திருந்தார். இன்னொருவர், "ஆள் பக்கத்திலேயே இருந்தால் என் வீட்டுக்கும் நல்லது" என்று கணக்காக எழுதினார். சாவியக்காவுக்கு அதில் வருத்தமில்லை. அதுவும் உண்மைதானே.

கூட்டம் ஞாயிறு காலை. வந்திருந்த இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேர் பார்சல் அறைக்குத்தான் கை தூக்கினார்கள். அவர்களில் சிலர் தினமும் லிஃப்டில் சாவியக்காவோடு ஏறி இறங்குகிறவர்கள். அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதன்பின் செயலாளர் கடிதங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். நாற்பத்தொரு கடிதங்கள். நாற்பத்தொன்றும் சம்மதம். ஒன்றைக்கூட அவர் மென்று விழுங்கவில்லை.

"ஒரு விஷயம் சார்" என்று எழுந்தார் சாவியக்கா. "அங்கேயே இருக்கேன்னு எப்பவும் கூப்பிட்டுட்டு இருக்கக் கூடாது. ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான். வாரத்துல ஒரு நாள் லீவு. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க."

பின்வரிசையில் யாரோ, "பரவாயில்லையே!" என்றார்கள். எழுதிக் கொடுத்தார்கள்.

அட்டைக் குடும்பங்களை வெளியே எடுத்துப் போட்டுச் சுண்ணாம்பு அடிக்க ஒரு வாரம் ஆனது. பழைய கட்டடத்தில் இருந்த எட்டுக் குடும்பங்களில் நகருக்குள் தங்கியது அவர்கள் குடும்பம் மட்டும்தான். அந்தச் சந்தோஷத்தை அவரால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. தையல்காரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "நல்லா இருடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சாவியக்கா தன் லீவு நாளில் இரண்டு பஸ் மாறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினார்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒன்பதாம் மாடிச் செயலாளரும் வீட்டை விற்றுவிட்டார். நல்ல விலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் கிடைத்திருந்தது. இனி அவர் தன் மகன் வீட்டில் போய் இருக்கப்போகிறார். பெட்டிகளை வண்டியில் ஏற்றியபின் கீழே வந்து சாவியைச் சாவியக்காவிடம் நீட்டினார்.

"பாத்ரூம் குழாய் கொஞ்சம் இறுக்கம்மா. பாத்துத் திறங்க" என்றார்.

"சரி சார். உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் சாவியக்கா. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.