வெள்ளையம்மா பாடிய காடு

இரத்தினபுரிக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பாலை ரப்பராக்கும் ஸ்டோரிலிருந்து புறப்படும் பெட்டிகளுக்கெல்லாம் தோட்டத்தின் பெயரைப் போடுவதுதான் முத்துவீரனின் வேலை. எழுத்து வெட்டிய தகட்டை வைத்து அதன்மேல் கறுப்புச் சாயத்தை ஒற்றி எடுப்பான். படம் வரையும் எண்ணம் அவனுக்கு வந்ததே இல்லை. அதைக் கொண்டுவந்தவள் அவன் மனைவி வெள்ளையம்மா.

அவள் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள். மரத்தில் கத்தி ஓடும்போதே வாயில் பாட்டுக் கட்டிவிடுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் ஒரு காலை, ஸ்டோருக்கு இறங்கிக்கொண்டிருந்த முத்துவீரனின் காதில் அவள் குரல் விழுந்தது:

“கீறின மரமெல்லாம் கிண்ணம் ஏந்தி நிக்குதடி,
ஏறுற சூரியன் எறங்கி வந்து குளிக்குதடி!”

அவனுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அன்று முழுக்கப் பெட்டிகளில் எழுத்துகள் கோணலாகவே விழுந்தன. வேலை விட்டதும் உடைந்த பெட்டிப் பலகை ஒன்றை தங்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தான். செங்காவி, மஞ்சள், துணிக்குப் போடும் நீலம், கரி எல்லாவற்றையும் குழைத்தான். வரிசை வரிசையாய் மரங்கள்; மரத்துக்கு மரம் ஒரு சிரட்டை; ஒவ்வொரு சிரட்டைப் பாலிலும் ஒரு குட்டிச் சூரியன்.

“இந்தா புள்ள, ஒம் பாட்டப் பாரு!”

வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ, நான் சொன்னது இதுதாங்க! இம்புட்டு அழகா இருக்கும்னு எனக்கே தெரியலயே!”

அதன்பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. அவள் பாட்டுக் கட்டக் கட்ட அவன் பலகை தேடி அலைந்தான். தோட்டத்துக்குத் துணி விற்க வரும் சாலி, முதல் பலகையைக் கேட்டு வாங்கிப் போய் டவுனில் தன் கடை வாசலில் மாட்டினார்.

மறு வருஷம் நாடகம் பழக்கும் கந்தையா அண்ணாவியார் யாழ்ப்பாணத்திலிருந்து நாடகக் குழுவோடு இரத்தினபுரிக்கு வந்தார். வந்த வாரமே களுகங்கை பெருகி அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் காட்டுத் திரை சேற்றில் ஊறிப் பாழாயிற்று. தலையில் கைவைத்தபடி தெருவில் நடந்தவர், சாலியின் கடைமுன் நின்றுவிட்டார்.

“உந்தப் படத்தைக் கீறினது ஆர்? ஆளைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ!”

சாலி ஆளனுப்ப, தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டுக்கொண்டு முத்துவீரன் ஓடிவந்தான், வெள்ளையம்மாவையும் இழுத்துக்கொண்டு. சாலியின் கடைச் சரக்குக் கிட்டங்கியில் காடாத் துணியை விரித்தார்கள். அவள் பாடினாள், அவன் துணிமேல் தவழ்ந்து தவழ்ந்து தீட்டினான். சாயம் காய்வதற்குள் கந்தையா வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“இதென்ன தம்பி, ரப்பர் தோட்டமெல்லோ! ராசகுமாரன் இதுக்குள்ளையோ வனவாசம் போறது?”

“எங்களுக்குத் தெரிஞ்ச காடு இதுதானுங்க.”

வேறு திரைக்கு நேரமில்லை. அதையே தொங்கவிட்டார்கள்.

அன்று பொழுது சாய, சுற்றுத் தோட்டத்துச் சனமெல்லாம் கொட்டகையில் நெருக்கியடித்தது. முன்திரை விலகியது. “ஏய்! நம்ம ரப்பர் மலைடா!” என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே எழுந்து நின்றது. பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒருத்தி, தோட்டம் தோட்டமாய்ப் பரவியிருந்த வெள்ளையம்மாவின் பாட்டை எடுத்தாள். “கீறின மரமெல்லாம்...” பால் வெட்டும் பெண்கள் அத்தனை பேரும் கூடப் பாடினார்கள். ராசகுமாரன் வசனத்தை மறந்து நின்றான். ஆர்மோனியக்காரர் சட்டென்று ராகத்தைப் பிடித்துக்கொண்டார். ஓரத்தில் நின்ற வெள்ளையம்மா முத்துவீரனின் கையை நசுக்கிவிடுவதுபோல் பிடித்திருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சிரித்தார்கள்.

பாட்டு ஓய்ந்ததும் கந்தையா மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். “தம்பி, எனக்கு இன்னும் திரை வேணும். கடல் ஒண்டு, அரண்மனை ஒண்டு. பிள்ளை, நீ பாட்டுக் கட்டு!”

ஸ்டோர் வேலை அத்தோடு முடிந்தது. நாடகத் திரைகள், கோயில் சுவர்கள், தேர்ச் சீலைகள் என்று முத்துவீரனுக்கு ஓய்வில்லை. யார் கேட்டாலும், “மொதல்ல பாட்டு வரட்டுங்க” என்பான்.

ஒருநாள் கேகாலைக்குப் போகும் பஸ்ஸில் வெள்ளையம்மா மழையைப் பார்த்து ஒரு வரி முணுமுணுத்தாள். கையில் காகிதம் இல்லை. முத்துவீரன் மடியிலிருந்த கரித்துண்டை எடுத்து முன் இருக்கையின் முதுகுப் பலகையில் கோடு இழுக்கத் தொடங்கினான்.

“மொக்கத மே?”, என்ன இது என்று சிங்களக் கண்டக்டர் சீறிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு, பலகை ஆடாமல் இருக்க, அந்த இருக்கையில் சாய்ந்திருந்தவரை எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைத்தார்.