ரூபாய் விழுந்த பஸ்

மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு கிரானைட் ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்கு அதிகாரி. சட்டைப் பையில் மூன்று பேனா. நிமிடத்துக்கு ஒருமுறை போனில் டாலர் விலை பார்த்துக்கொண்டே வந்தார்.

திடீரென்று, "அய்யோ, ரூபா விழுந்துருச்சு!" என்று கத்திவிட்டார்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் குனிந்து சீட்டுக்கடியில் தேடினார்கள். முன்சீட்டு அக்கா ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. இம்புட்டுக்கா கத்துனீக?"

"இது இல்ல தாயி. வெளிநாட்டுலருந்து வரவேண்டிய டாலருக்கு நேத்தே பேங்க்ல ரேட் பேசி முடிச்சுட்டேன். இன்னிக்கு ரூபா விழுந்து டாலர் கூடிருச்சு. பொறுத்திருந்தா கூடுதலா கிடைச்சிருக்கும். முதலாளி என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு."

"டாலர் கொறஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப கம்பெனியக் காப்பாத்துனவன் நான். ஆனா அத அவரு கண்டுக்கவே மாட்டாரு."

அந்நேரம் போன் அடித்தது. எழுந்து நின்று, "இந்தா வாரேங்கய்யா" என்றார். ஒத்தக்கடையில் இறங்கி, எதிர்ப்பக்கம் மேலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

"பாவம், எம்புட்டு நட்டமாம்?" என்றார் அக்கா.

"நட்டமே இல்லக்கா."

"பின்ன எதுக்கு இந்த ஓட்டம்?"

எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.